பாதித் தோட்டத்துக்கு லீவு

பல்செட்காரரின் அக்கா ஒரு நாள் காலை முட்டைகோஸ் பாத்தியில் களை பிடுங்க உட்கார்ந்தாள். பிடுங்கி முடித்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பு வர மறுத்துவிட்டது. தம்பி ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவருக்கும் வயது ஆகியிருந்ததால் இரண்டு பேருமாகப் பாத்தியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முட்டைகோஸ் நசுங்கவில்லை. நசுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு, அதற்கு மேல் முடியாது என்று நின்றுபோயிருந்தது.

"டேய், இது முட்டைகோஸா, கோலிக்குண்டா?" என்றாள் அக்கா, விழுந்த இடத்திலிருந்தே ஒன்றைக் கிள்ளிப் பார்த்து.

"மண்ணுல சத்து போயிடுச்சுக்கா."

"எனக்கும்தான் போயிடுச்சு. பேசாம பாதியை விட்டுடுவோம்டா. ஒரு வருஷம் சும்மா கெடக்கட்டும். கொஞ்சம் பயறைத் தூவிவிட்டு, மேல வைக்கோலைப் போட்டு மூடிட்டா மண்ணும் தேறிடும், நம்ம இடுப்பும் தேறிடும்."

அந்தத் தோட்டம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நகரத் தோட்டத் துறைக்குச் சொந்தமான நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு துண்டு அக்கா பெயரில் இருந்தது. அக்கா கணவனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள். தம்பி கல்யாணமே செய்துகொள்ளாதவர். பல் மருத்துவர் ஒருவரின் பின்கட்டு அறையில், ஜன்னல்கூட இல்லாத இடத்தில், வாழ்நாள் முழுவதும் பல்செட் செய்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பெல்லாம் முன்னறையில் இருந்த மருத்துவரைப் பார்த்துத்தான். பின்கட்டில் ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. இது அவர் நெஞ்சில் ஒரு முள்ளாகக் கிடந்தது. வெளியே சொன்னதில்லை.

அக்கா சொன்னபடி பாதி நிலத்தில் பயறு தூவி, வைக்கோல் பரப்பினார்கள். வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. சாயங்காலம் இருவரும் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். இந்தக் கதையில் அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்த இடம் இது ஒன்றுதான்.

அந்த வாரமே மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பார். அதனால் தோட்டக்காரர்களுக்கு அவர் விசில். வைக்கோலைப் பார்த்ததும் நின்று ஊதினார். பல்செட்காரர் பதறி எழுந்து வந்தார்.

"இது என்ன?"

"ஓய்வு குடுத்திருக்கோம் சார்."

"யாருக்கு?"

"மண்ணுக்கு."

"யாரு குடுத்தா?"

"நாங்கதான்."

"நீங்க யாரு குடுக்க?" என்றார் விசில். "மண்ணு துறையோடது. துறையில இருக்கற எதுக்கும் லீவு வேணும்னா துறைதான் குடுக்கணும். என் மச்சினி கல்யாணத்துக்கு நான் லீவு கேட்டேன், கிடைக்கலை. உங்க மண்ணுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"கொம்பு இல்ல சார், பயறு. இன்னும் முளைக்கலை."

விசில் அவரை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. சும்மா கிடக்கும் நிலத்தைத் துறை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது விதி என்றும், நிலம் தப்ப வேண்டுமானால் தலைமை அலுவலகம் போய் முறைப்படி ஓய்வு கேட்கும்படியும் சொல்லி, இன்னொரு முறை ஊதிவிட்டுப் போனார்.

தலைமை அலுவலகத்தில் மூலைக்கு மூலை செடிகள் இருந்தன. எல்லாம் பிளாஸ்டிக். நிஜச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று இன்னும் முடிவாகவில்லை என்று அங்கே துடைத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். அவள் இலை இலையாக ஈரத்துணியால் துடைத்தாள். அக்காவும் தம்பியும் அந்தச் செடிகளுக்கு நடுவில் காத்திருந்தார்கள். இடுப்பு வலிக்காரி உட்கார ஒரு நாற்காலி கேட்டதற்கு, காத்திருப்போர் நாற்காலிகள் காத்திருப்பு அறையில் இருப்பதாகவும், அந்த அறை பூட்டியிருப்பதாகவும் பதில் வந்தது.

கடைசியில் இணை இயக்குநர் கூப்பிட்டார். தடித்த மனிதர், மெத்தென்ற குரல். பல்செட்காரர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, "ஓய்வு" என்ற வார்த்தைக்கு வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஓய்வு! இன்னொரு தடவை சொல்லுங்க."

"மண்ணுக்கு ஓய்வு சார்."

"ஐயா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். நான் இந்தத் துறைக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு நல்ல திட்டம் தேடிக்கிட்டு இருக்கேன். காய்கறித் திட்டம் போட்டோம், காய் வரலை. மரம் நடற திட்டம் போட்டோம், குழி மட்டும் இன்னும் இருக்கு. போன வருஷம் ரெண்டு பேர் அதுல விழுந்தாங்க. வருஷா வருஷம் மேலேர்ந்து 'என்னய்யா விளைஞ்சுது, என்னய்யா விளைஞ்சுது'ன்னு கேட்டு உயிரை வாங்கறாங்க. ஆனா ஓய்வுத் திட்டம்னு வெச்சுக்கங்க, ஒண்ணுமே விளையலைன்னா அது தோல்வி இல்லையே. அதுதானே வெற்றி!" கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இத்தனை வருஷமா நாங்க சாதிச்சதுக்கு ஒரு பேரு இல்லாம இருந்துது. நீங்க பேரு வெச்சுட்டீங்க."

அவர் மேசையைச் சுற்றி வந்து பல்செட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தத் திட்டத்தோட முன்னோடி நீங்கதான்," என்றார்.

பல்செட்காரருக்குக் காது சூடாகிவிட்டது. பின்கட்டு அறையில் இத்தனை காலம் குனிந்து கிடந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே வந்ததும் அக்கா, "இது நமக்கு வேணாம்டா. பாதியைத் திருப்பிக் குடுத்துட்டு மிச்சத்தைப் பாப்போம்," என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா. எவ்வளவு பெரிய மனுஷன், எழுந்து வந்து கை குடுக்கறார். பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். என்னை உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அதையும் பாத்தேன்."

ஓய்வுத் திட்டத்தின் முதல் வேலை, மண் உண்மையிலேயே களைத்திருக்கிறதா என்று பரிசோதிப்பது. களைக்காத மண் ஏமாற்றி லீவு வாங்கிவிடக் கூடாதே. அதற்காக ஒரு மண் டாக்டர் வந்தார், கூடவே கடப்பாரை மண்வெட்டியோடு ஆட்கள்.

"களைப்பா இருக்குன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"முட்டைகோஸ் ரொம்பச் சின்னதா வருதுங்க."

"அது முட்டைகோஸோட குணமா இருக்கலாம். மண்ணு மேல பழி போடாதீங்க."

வைக்கோலை வாரி எறிந்தார்கள். இந்தக் கோடியில் இடுப்பளவு குழி, அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் ஒன்று. நடுக்குழியில் ஒருவன் இறங்கி நின்று மண்ணை மூட்டையில் கட்டி மேலே கொடுத்தான். மூட்டைகள் வண்டியேறிப் போயின. கொஞ்ச நாள் கழித்து டாக்டர் முடிவோடு வந்தார். மண் களைத்துத்தான் இருக்கிறதாம். ஆனால் கண்டபடி தோண்டியதால் வந்த களைப்பாகத் தெரிகிறதாம். தோண்டுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று அறிய இன்னொரு முறை தோண்ட வேண்டுமாம். தோண்டினார்கள்.

இதற்குள் தப்பிப் பிழைத்த பயறு அங்கங்கே முளைவிட்டிருந்தது. விசில் அதைக் கண்டுபிடித்து, ஓய்வு நேரத்தில் நிலம் வேலை செய்கிறது என்று புகார் எழுப்பினார். பயறைப் பிடுங்கச் சொன்னார்கள். வைக்கோலைத் திரும்பப் போடவும் விடவில்லை.

"மூடி வெச்சா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் விசில். "ஓய்வு எடுக்கறது நாலு பேர் கண்ணுல படணும். எங்க ஆபீஸ்ல பாருங்க, யாராவது மறைச்சா எடுக்கறாங்க?"

ஆக மண் வெயிலில் பட்டவர்த்தனமாகக் கிடந்து ஓய்வெடுத்தது. வெள்ளை வெளேரென்று வெளுத்து, பாளம் பாளமாக வெடித்தது. அந்த வெடிப்பிலும் புல் முளைத்தது. முளைத்த புல்லை அன்றன்றே பிடுங்க வேண்டும். காற்றில் வந்து விழும் சருகைப் பெருக்க வேண்டும். திட்டத்தைப் பார்வையிட வேறு துறைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் நிலத்தின் மேல் ஏறி நின்று, "அடடா, என்ன அமைதி!" என்று வியந்தார்கள். போனபின் அவர்கள் செருப்புத் தடத்தை அழிக்க வேண்டும். காலை விசிலிலிருந்து மாலை விசில் வரை ஆள் யாராவது ஓய்வுக்குப் பொறுப்பாக நிற்க வேண்டும். பல்செட்காரர் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லப் பழகிக்கொண்டார். குனிந்து புல் பிடுங்குவது அக்காவின் பாடாயிற்று. பயிர் செய்த காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை களை எடுத்தவள், ஓய்வு கொடுத்த பின் தினமும் எடுத்தாள்.

"டேய், இதுக்குப் பேர் ஓய்வாடா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மண்ணுக்குத்தானேக்கா ஓய்வு. நமக்குன்னு யாரு சொன்னா?"

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். ஆனால் அப்போது ஒரு பார்வையாளர் கூட்டம் வந்துவிட்டது.

மற்ற பாதியைக் கவனிக்க நேரமே இல்லை. அங்கே நட்டிருந்த பீன்ஸ் கொடியிலேயே காய்ந்தது. உருளைக்கிழங்கை யாரும் தோண்டவில்லை. அக்கா விடியும் முன்பே வந்து அந்தப் பக்கம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றப் பார்த்தாள். இரண்டாம் வாளியைத் தூக்க முடியவில்லை. சீக்கிரமே அந்தப் பாதி முழங்கால் உயரக் களைக்காடாகிவிட்டது. ஒரு நாள் விசில் அதன் முன்னால் நின்று நீளமாக ஊதினார்.

"இந்தப் பாதி சும்மா கெடக்கு. துறை எடுத்துக்குது."

"சார், இதுக்கும் ஓய்வுன்னு வெச்சுக்கங்களேன்," என்றார் பல்செட்காரர்.

"அதெப்படி? அந்தப் பக்கம் இருக்கறது அனுமதி வாங்கின ஓய்வு. இது சோம்பேறித்தனம்."

அந்தப் பாதி போயிற்று. வேலி போட்டுப் பிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்தது. அக்கா வேலிக்குள் கையை விட்டு ஒரு செடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. விசில் இருமினார். கையை எடுத்துக்கொண்டாள்.

இந்நிலையில்தான் திட்டத்தின் தொடக்க விழா அறிவிக்கப்பட்டது. திட்டம் தொடங்கி வெகு நாளாகியிருந்தது. ஆனால் ஆணையர் வந்து தொடங்கிவைத்தால்தான் அது தொடங்கியதாகக் கணக்கு. ஆணையர் வருவதென்றால் மேடை வேண்டும். தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாத் துண்டிலும் ஏதாவது பயிர் இருந்தது. வெறுமையாக, சுத்தமாக, பெருக்கி வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

ரோலர் வந்த அன்று அக்கா வீட்டில்தான் இருந்தாள். சத்தம் கேட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அது மூன்றாவது முறையாக நிலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. குழிகளெல்லாம் மூடி, வெடிப்பெல்லாம் அமுங்கி, நிலம் பலகைபோல் ஆகியிருந்தது. ஓரத்தில் சிமெண்ட் மூட்டைகள்.

"டேய், ரோலர் ஏத்தறாங்கடா," என்றாள். தம்பி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நாள் விழாதானேக்கா. ஆணையர் நாற்காலி ஆடக் கூடாதாம். போன தடவை மரம் நடற விழாவுல நாற்காலி மண்ணுல இறங்கி, பின்பக்கமா சாய்ஞ்சுட்டாராம். அதான் சிமெண்ட்."

"சிமெண்ட் போட்டா மண்ணு மூச்சு விடுமாடா?"

பக்கத்தில் நின்ற விசில் முந்திக்கொண்டார். "ஓய்வெடுக்கும்போது எதுக்கும்மா மூச்சு வாங்கணும்?" என்றார்.

விழா மதியம் தொடங்கியது. மேடையில் ஆணையருக்கும் அதிகாரிகளுக்கும் நாற்காலிகள். முன்னோடிகள் நிற்க வேண்டும், அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். அக்காவும் தம்பியும் மேடை ஓரத்தில், படிக்கு மேலே நின்றார்கள். பல்செட்காரருக்கு ஒரு கோட்டு கொடுத்திருந்தார்கள். அக்காவின் கம்பை, பார்க்க நன்றாக இல்லை என்று விசில் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் நேரமின்மையைக் குறிப்பிட்டுவிட்டு விரிவாகப் பேசினார்கள். வெயில் மேடைக்குக் குறுக்கே நகர்ந்து அக்காவின் முகத்துக்கு வந்தது. கடைசியாக இணை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! உழைப்பைப் பத்திப் பேசறவங்க நிறையப் பேர். நானும் பேசியிருக்கேன். செஞ்சதில்லை, பேசியிருக்கேன். ஆனா யாராவது ஓய்வுக்காக உழைச்சிருக்காங்களா? எங்க துறை உழைச்சிருக்கு! இன்னிக்கு இந்த நகரத்துல ஓய்வு இல்லாம தவிக்கற ஒரு பிடி மண்ணு இருந்தாலும், அதைத் தேடிப் பிடிச்சு இதே மாதிரி ஓய்வு குடுக்காம நான் ஓயமாட்டேன்!"

பல்செட்காரர் அந்தப் பேச்சில் அப்படியே ஆழ்ந்துபோயிருந்தார். பக்கத்தில் ஏதோ சரிந்தது. மேடைப் படியில் தடதடவென்று ஒரு சத்தம். கூட்டம் "ஐயோ" என்றது. இணை இயக்குநர் ஒரு கணம் எட்டிப் பார்த்தார். கை தேர்ந்த பேச்சாளர், தடுமாறவில்லை.

"பாருங்க, இந்தத் தாயை! பேசிக்கிட்டே இருக்கோம், அவங்க செஞ்சே காட்டிட்டாங்க. மண்ணுக்கு ஓய்வு குடுத்த கையோட, தானும் மண்ணுல சாய்ஞ்சுட்டாங்க!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. பல்செட்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், கீழே கிடப்பது அக்கா என்று அவர் புத்திக்கு எட்டியது. எட்டிய பிறகும் கைகள் இன்னும் இரண்டு தரம் தட்டிவிட்டுத்தான் நின்றன.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இணை இயக்குநர் ஒரு புகைப்படக்காரரோடு பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். படம் எடுத்து முடியும்வரை வைத்திருந்தார்.

"கவலையே படாதீங்கம்மா. உங்க மண்ணு ரொம்ப நல்லா இருக்கு."

"அந்தச் சிமெண்டை எப்ப எடுப்பீங்க?" என்றாள் அக்கா.

"எடுக்கறதா?" அவர் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. "உடைச்சு எடுத்தா மண்ணு தூக்கம் கலைஞ்சுடாதா? இப்பத்தான் நிம்மதியா இருக்கு. மேல சின்னதா ஒரு கட்டடம் வருது, திட்டத்துக்குன்னு தனி அலுவலகம். ஆள் வேணுமில்ல, ஓய்வு சரியா நடக்குதான்னு பாக்க?" பிறகு பல்செட்காரர் பக்கம் திரும்பினார். "அப்புறம், உங்களை மாதிரி விளக்கம் சொல்ல எங்க துறையில ஒருத்தனும் கிடையாது. ஊர் முழுக்க மத்த தோட்டங்களுக்குப் போய் மக்கள்கிட்ட எடுத்துச் சொல்லணும். திட்ட உரையாளர்னு ஒரு பதவி போடறோம். முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி."

பல்செட்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றார் பல்செட்காரர்.

இணை இயக்குநர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் யோசனை முடிந்துவிட்டது. "சார்! ஒரு நிமிஷம் சார்!" என்று பல்செட்காரர் பின்னாலேயே ஓடினார். வராந்தாவில் அவர் குரலும் சிரிப்பும் அக்காவுக்குக் கேட்டன.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகு புண்ணாகிவிடும், வேளைக்கு வேளை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பல்செட்காரர் தவறாமல் செய்தார். அக்காவின் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து, "வலிக்குதாக்கா, வலிக்குதாக்கா" என்று கேட்டுக்கேட்டுத் திருப்பினார். சில நாள் தனியாக உட்கார்ந்து அழவும் செய்தார். அவர் கெட்டவர் இல்லை.

பிறகு முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பேச்சை எழுதி அனுப்பியிருந்தார்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்னறைக் கண்ணாடியின் எதிரில் நின்று பேசிப் பார்த்தார். கண்ணாடியின் ஓரத்தில் அக்காவின் கட்டில் தெரிந்தது. அது தெரியாதபடி கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"அன்பான தோட்டக்காரர்களே! ஓய்வில் இருக்கும் மண் எதையும் கேட்பதில்லை. முனகுவதில்லை. அது பேசாமல் கிடப்பதே அது நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்." இந்த இடத்தில் கையை மெல்ல உயர்த்த வேண்டும். உயர்த்தினார். மிகவும் நன்றாக வந்தது. "எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அக்கா. "திருப்பிப் போடு."

பல்செட்காரர் தாளைப் பார்த்தார். "எதை? இந்த வரியை முன்னாடி கொண்டு வரச் சொல்றியா?"

"என்னைடா. முதுகு எரியுது."

"இதோ வந்துட்டேன்கா. கடைசிப் பத்தி ஒண்ணுதான் பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிப் பத்தியைத் தொடங்கினார். அது சரியாக வாய்க்கவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.